வெள்ளிக்கிழமைக் குரல்

பொய் சொல்ல வாய் வராதவள் என்று தர்மபுரத்தில் பெயரெடுத்தவள் கௌசலா. அவள்தான் கத்தாரில் வேலை செய்யும் புருசன் சுஜிதனை வாராவாரம் ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

சுஜிதனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்கு மகன் யதுசனின் குரல் வாட்ஸப்பில் போய்ச் சேராவிட்டால் அந்த மனிதனுக்குச் சோறு இறங்காது. யதுசன் ஒன்றரை வயதில் கிளிப்பிள்ளையாய்க் கதைத்தவன். அப்பா என்பான், தண்ணி என்பான், சந்தியால் பஸ் போனால் "பச்சு" என்று துள்ளுவான். இரண்டு வயதாகுமுன் ஒவ்வொரு சொல்லாய்க் கழன்று போயிற்று. டாட்டா காட்டுவதும் நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

"ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும்" என்றார்கள் அயலில். ஏற்கெனவே கதைத்த பிள்ளை எப்படிப் பிந்தும் என்று கௌசலா திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

போனில் முன்பு பதிந்த குரல்கள் கிடந்தன. அவற்றைக் கிழமைக்கு ஒன்றாக அனுப்பினாள். சுஜிதன் வீடியோ கோல் எடுத்தால் பிள்ளை நித்திரை என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பூசணிக்காயோ நாளுக்கு நாள் பருத்துக்கொண்டு போயிற்று.

கடைசியில், ஆவணியில்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"இது ஓட்டிசம், தங்கச்சி. உங்கட வளர்ப்பாலை வந்ததில்லை" என்றார் டொக்டர். "கதையை விட்ட உடனை கொண்டு வந்திருந்தா அப்பவே பயிற்சி தொடங்கியிருக்கலாம். பரவாயில்லை, இனி ஒழுங்கா வாங்கோ."

வளர்ப்பைப் பற்றிச் சொன்னது கௌசலாவின் காதில் ஏறவில்லை. 'அப்பவே' மட்டும் நெஞ்சில் தைத்தது. புருசனை ஏமாற்றுகிறோம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பஸ்ஸில் மடியில் கிடந்தவனைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரமே சுஜிதனை அழைத்தாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை இப்ப கதைக்கிறேல்லை. நான் அனுப்பினதெல்லாம் பழசு."

"தெரியும்" என்றான் சுஜிதன்.

"என்னெண்டு?"

"போன கிழமை அனுப்பினதிலை தகரத்திலை மழை கொட்டுற சத்தம் கேக்குது. குளம் வத்திப்போச்செண்டு உன்ரை அண்ணை என்னட்டை அழுறார். உங்கை இப்ப எங்காலை மழை?"

"பிறகேன் கேக்கேல்லை?"

"கேட்டா நீ சொல்லிப்போடுவாய் எண்டு பயம்."

அவன் ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பழியில் பங்குக்கு ஆள் வந்தும் பாரம் குறையவில்லை. தாயும் தகப்பனும் சேர்ந்தே பிள்ளையைக் காக்க வைத்திருக்கிறார்கள்.

"அவனைக் காட்டு."

போனைத் திருப்பினாள். யதுசன் நிலத்தில் குந்தியிருந்து ஒரு மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"யது" என்றான் சுஜிதன். "யதுக்குட்டி, அப்பாவடா."

பிள்ளை திரும்பவில்லை.

"எப்பவிலை இருந்து?" என்றான்.

"மாசியிலை இருந்து."

மாசியிலிருந்து ஆவணி வரை இருவரும் மாதங்களை எண்ணினார்கள்.