பெரியப்பா தவறிய வழக்கு

கல்லூரியிலிருந்து வந்த பதிவுத் தபாலின் உறையில் என் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று அச்சிட்டிருந்தது. பெயருக்குக் கீழே, 'அவர்களின் துணைவியாருக்கு'. தபால்காரர் அதை என்னிடமே காட்டி, "அம்மா இருக்காங்களா சார்?" என்று கேட்டார். என் மனைவி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உறையைப் படித்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பரவாயில்லையே. போன மனுஷன் மாதிரியே இல்லை" என்றாள்.

உள்ளே இருந்த கடிதம் சிரிக்கும்படியானதல்ல. என் தம்பி மகள் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறாள். பெரியப்பா இறந்துவிட்டார் என்று பொய் சொல்லி, எலும்புப் பிரிவின் செய்முறைத் தேர்விலிருந்து பாதியில் எழுந்து போனாளாம். அனுதாபத்தின் பேரில் மறுதேர்வும் பெற்றாளாம். அந்தப் பெரியப்பா உயிரோடு நடமாடுவது இப்போது தெரியவந்திருக்கிறதாம். அவளைக் கல்லூரியை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று விசாரணைக் குழுவின் முன் வந்து விளக்க வேண்டும்.

நான் உயிரோடிருப்பதைத் தெரியப்படுத்தியவன் நானேதான். பெற்றோர் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, விடுதிக் கழிப்பறைகளின் நிலை பற்றி எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேட்டேன். நீங்கள் யார் என்றார்கள். இன்னாருடைய பெரியப்பா என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். மேடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எலும்புப் பேராசிரியருக்குப் புரையேறியது. என் மறைவுக்காக அவளுக்கு ஆறுதல் சொன்னவர் அவர்.

எங்கள் குடும்பத்தில் பொய் கிடையாது. முப்பத்தொரு ஆண்டுகள் கடைத் தராசுகளைச் சோதிக்கும் அரசு அதிகாரியாக இருந்தவன் நான். தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியவர்கள், எடைக்கல்லின் வயிற்றைக் குடைந்தவர்கள், சுண்டுவிரலால் தட்டை அழுத்தியவர்கள் எல்லோரும் என் தலை தெருமுனையில் தெரிந்தாலே கடையைச் சாத்துவார்கள். தம்பி கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன். வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில் கழியும். தாயில்லாப் பிள்ளையை என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனான். அவள் படிப்பு போனால் அவனுக்கு எந்த முகத்தோடு கடிதம் எழுதுவேன்?

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் நான் குளியலறையில் தவறினேன். கணுக்கால் வீங்கியது. என்ன செய்யலாம் என்று கேட்க என் மனைவி பிள்ளைக்குத் தொலைபேசினாள். தேர்வுக்கூடத்தில் கைபேசி கூடாது. ஆகவே துறை அலுவலகத்துக்குப் பேசினாள். எழுத்தர் காதில் விழுந்தது "பெரியப்பா தவறிட்டாரு" என்பது மட்டும்தான். நம் மொழியில் படியில் தவறுகிறவரும் தவறினார்தான், போய்ச் சேர்ந்தவரும் தவறினார்தான். எழுத்தர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு ஓடினார். அவள் ஒரு நோயாளியின் முழங்காலைப் பிடித்தது பிடித்தபடி விட்டுவிட்டு, 'என் பெரியப்பா தவறிவிட்டதால்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நாலு மணி நேரம் பேருந்தில் அழுதுகொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது நான் நாற்காலியில் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அவளே காலுக்குக் கட்டுப் போட்டாள். "காலேஜ்ல உண்மையைச் சொல்லிடறேன் பெரியப்பா" என்றாள்.

"நான் விழுந்தேன்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றேன்.

பண்ணினாள். விழுந்த காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்பது என் முடிவு.

விசாரணைக்குப் போகும் பேருந்தில் என் மனைவி ஆரம்பித்தாள்.

"அங்க நடந்ததை நடந்தபடியே சொல்லிடுங்க."

"எது தேவையோ அதைச் சொல்வேன்."

"ஆமா, குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலைன்னு சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா?"

"நீ அங்க வாயைத் திறக்காதே."

"அது எப்படிங்க? லெட்டரே எனக்குத்தானே வந்திருக்கு!"

அறையில் நீள மேசை. நடுவில் கல்லூரி முதல்வர், கண்டிப்பான அம்மையார். அவருக்குப் பக்கத்தில் எலும்புப் பேராசிரியர். சுவரோரமாக என் தம்பி மகள் வெள்ளைக் கோட்டோடு நின்றாள். முகம் அந்தக் கோட்டைவிட வெளுத்திருந்தது. எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். நான் சாயாமல் உட்கார்ந்தேன்.

"அப்போ, நீங்க இறக்கலை" என்றார் முதல்வர்.

"இல்லை."

"என்னதான் ஆச்சு?"

"தவறினேன்."

"அதாவது விழுந்தீங்க?"

"கொஞ்சம் வேகமா உட்கார்ந்தேன்" என்றேன்.

"எதுல?"

"தரையில."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தர் வேகமா உட்கார்ந்ததுக்கா இந்தப் பொண்ணு பரீட்சையை விட்டுட்டு ஓடினா? டாக்டர்கிட்ட போனீங்களா? எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"இல்லை."

"ஏதாவது ஒரு சீட்டு?"

"இல்லை."

முதல்வர் அவள் பக்கம் திரும்பினார். "சரிம்மா, தப்பாப் புரிஞ்சுதுன்னே வெச்சுப்போம். திரும்பி வந்ததும் ஏன் சொல்லலை? சார் உன் தோளைத் தட்டி ஆறுதல் சொல்றார். மறுபடி பரீட்சை வைக்கிறார். நீ வாயை மூடிட்டு அதையும் முடிச்சிருக்கே."

"சொல்ல முடியாது மேடம். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். நான் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எழுத்தரை அழைத்தார்கள். மெலிந்த, நேர்மையான மனிதர். "மேடம், அந்த அம்மா தேம்பித் தேம்பி அழுதாங்க. மூச்சே விட முடியலை. 'தவறிட்டாரு, தவறிட்டாரு'ன்னு மூணு தடவை சொன்னாங்க. அழுகை எனக்குத் தெரியாதா? நான் நாலு அக்காவோட பொறந்தவன்."

முதல்வரின் முகம் இறுகியது. "கணுக்கால் வீங்கினதுக்கு யாரும் தேம்பி அழ மாட்டாங்க. அப்போ இது பொண்ணு மட்டும் பண்ணின வேலை இல்லை. குடும்பமா சேர்ந்து நாடகம் போட்டிருக்கீங்க." பேனாவின் மூடியைக் கழற்றினார்.

என் மனைவி எழுந்தாள். "அழலைங்க. சிரிச்சேன்."

"என்னது?"

"சிரிச்சேங்க. அடக்க முடியலை. அதான் பேச்சு வரலை."

"புருஷன் விழுந்ததுக்கா?"

"விழுந்ததுக்கு இல்லைங்க. விழுந்த விதத்துக்கு." அதோடு நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

பேனா மூடி மேசையில் உருண்டுகொண்டிருந்தது. சுவரோரத்தில் அந்தப் பிள்ளை, தன் படிப்பே போகிற நேரத்திலும், பெரியம்மாவைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். நான் எழுந்து நின்றேன்.

"எங்க டாக்டர் என்னை எண்பது கிலோவுக்குக் கீழ வரச் சொல்லியிருந்தார். வாராவாரம் எடை பார்த்து இவ நோட்டுல எழுதணும். அன்னிக்குக் குளியலறையில எடை மெஷின்ல ஏறினேன். பக்கத்துச் சுவர்ல துண்டு போடற கம்பி இருக்கு. இவ குனிஞ்சு நம்பரைப் பார்க்கறப்போ, நான்... அந்தக் கம்பியைப் பிடிச்சு உடம்பைக் கொஞ்சம் மேல தூக்கிக்கிட்டேன்."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எழுபத்தொன்பதுன்னு காட்டுச்சு. இவ சந்தோஷமா எழுதினா. அப்போ கம்பி சுவரோட பேர்ந்து வந்துடுச்சு. நான் விழுந்தேன். விழுந்தேன்தான்."

"நிஜ எடை எவ்வளவு?" என்றார் பேராசிரியர்.

"எண்பத்தாறு."

முதல்வர் கோப்பைப் புரட்டினார். "நீங்க என்ன உத்தியோகம் பார்த்தீங்க?"

"தராசு சோதனை. எடையில ஏமாத்தறவங்களைப் பிடிக்கிற வேலை. அதனாலதான் வெளியில சொல்லக் கூடாதுன்னு பொண்ணுகிட்ட சத்தியம் வாங்கினேன். அவ மேல தப்பில்லை, என் காலுக்குக் கட்டுத்தான் போட்டா. மொத்தத் தப்பும் என்னோடது."

முதல்வர் கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். கோப்பு நடுங்கியது. பிறகு இறக்கி, மிகவும் மரியாதையாக, "விடுங்க சார். யானைக்கும் அடி சறுக்கும்" என்றார்.

என் மனைவியிடமிருந்து முதலில் ஒரு விக்கல் வந்தது. பிறகு மூச்சு இழுத்தது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள்கள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, "யா... யானை... ஐயோ..." என்று தேம்பினாள்.

எழுத்தர் துள்ளி எழுந்தார். "மேடம்! இதே சத்தம்தான்! போன்ல கேட்டது அப்படியே இதான் மேடம்!"

நீக்கல் உத்தரவு எழுதப்படவில்லை. ஆனால் முதல்வர் சும்மா விடுகிற ஆளுமல்ல. அனுதாபத்தில் வாங்கிய மறுதேர்வு மதிப்பெண் செல்லாது என்றார். அன்று மதியமே திரும்பச் செய்து காட்ட வேண்டும். தேறாவிட்டால் அந்த வருடத்தை மறுபடியும் படிக்க வேண்டும்.

"பரீட்சைக்கு நோயாளி தேட வேண்டாம்" என்றார் பேராசிரியர், என் காலைப் பார்த்துக்கொண்டே. "உள்ள வரும்போதே பார்த்தேன். இடது காலை இன்னும் ஊனி வைக்க மாட்டேங்கறார். உன் கட்டு லட்சணம் அப்படிம்மா."

இரண்டு மணிக்கு என்னை வார்டில் ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். சுற்றிலும் ஆறு மாணவர்கள். தலைமாட்டில் பேராசிரியர். நான் நேராகப் படுத்திருந்தேன். என் தம்பி மகள் கணுக்காலை அழுத்தினாள், திருப்பினாள், எலும்புகளையும் தசைநார்களையும் வரிசையாகச் சொன்னாள். தான் போட்ட கட்டு எங்கே பிசகியது என்பதையும் அவளே சொன்னாள். பேராசிரியர் தலையசைத்தார்.

"சரி. எப்படி அடிபட்டதுன்னு சொல்லு. அதுக்குத்தான் பாதி மார்க்."

"குளியலறையில..." என்றாள். நின்றுவிட்டாள். சுற்றி நின்ற ஆறு பேரையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சத்தியத்தை நான் திருப்பி வாங்கிட்டேம்மா" என்றேன். "கம்பியிலேர்ந்து ஆரம்பி."

சொன்னாள். ஒரு கிலோவைக் கூடக் குறைக்கவில்லை. பேராசிரியர் மதிப்பெண் போட்டார், தேறிவிட்டாள். ஆறு மாணவர்களும் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, என் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல், என் கணுக்காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வளர்ப்பு.