ஞாயிற்றுக்கிழமை வளராத பாசி

ஷெர்லின் திருடிதான் என்று நான் முடிவு கட்டியபோது என்னிடம் மூன்று சாட்சிகள் இருந்தன.

முதல் சாட்சி என் லேப்டாப். எங்கள் கரையில் ஐந்து பெண்கள் சேர்ந்து கடலில் மூங்கில் மிதவை போட்டுப் பாசி வளர்க்கிறோம். ஆளுக்கொரு மிதவை, நான் குழுத் தலைவி. தூத்துக்குடிக்கு மூன்று வாரம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்து, நானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அறுபது கிலோ விதைப்பாசி, தினமும் நூற்றுக்கு மூன்று வளர்ச்சி, நாற்பத்தைந்து நாள். ஒவ்வொரு நாளாக லூப் சுற்றிவந்து கடைசியில் நூற்றுத் தொண்ணூறு கிலோ என்றது. முதலில் அறுவடையான ஷெர்லின் மிதவையிலோ இருநூற்று இருபத்தாறு! எப்படி வரும்?

இரண்டாவது சாட்சி என் கொழுந்தன் ரெக்ஸ். "மைனி, போன ஞாயித்துக்கெழம அவ ஒத்தையில கடல்ல நின்னா. ஒங்க மிதவப் பக்கம்." ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை நாள்; எங்கள் ஊரில் அன்று யாரும் கடலில் கால் வைப்பதில்லை.

மூன்றாவது, என் மிதவை மூலையில் புதிதாக ஒரு நீலக்கயிறு. அது என் கயிறே இல்லை. என் பாசியை அள்ளிவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறாள், கள்ளி!

மறுநாள் காலை கரையில் எல்லோரும் கூடியிருக்கும்போது கேட்டுவிட்டேன்.

"ஏளா, முப்பத்தாறு கிலோ எங்கருந்து வந்துச்சி? களவாண்டவளுக்கு இங்கன மிதவ கெடையாது."

மிதவை போனால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. எனக்கும் தெரியும். அதற்காகத் திருட்டை விடமுடியுமா?

ஷெர்லின் அழவில்லை. "ஒன் கம்ப்யூட்டர் நாளுக்கு எம்புட்டுன்னு காட்டுமா? காட்டு, பாப்போம்."

லூப்புக்குள் ஒரு வரி சேர்த்து, நாள்வாரியாக எடையைக் காட்டவைத்தேன். அவள் திரையில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். ஆறாம் நாள் எழுபத்தொன்றரை கிலோவுக்குச் சற்று மேலே. ஏழாம் நாளும் அதேதான்.

"ஏழாம் நாளு ஏன் வளரல?"

"அது ஞாயித்துக்கெழமல்லா?" என்றேன் வெடுக்கென்று.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஞாயிறு வந்தால் கணக்கிடாமல் தாண்டிப் போ என்று நானேதான் எழுதியிருந்தேன். வேலைநாளை அப்படித்தானே எண்ணிப் பழக்கம்!

"லீவு நமக்குத்தாம்ளா. பாசியும் பூசைக்குப் போவுதாக்கும்?"

பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இருநூற்று இருபத்தேழு. அவளுக்கு ஒரு கிலோ குறைவாகவே வந்திருக்கிறது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்போதும் சந்தேகம் விடவில்லை.

"அப்ப ஞாயித்துக்கெழம எம் மிதவகிட்ட ஒனக்கு என்ன வேல?"

"ஒங்கயிறு அத்துப்போயி மிதவ ஒதுங்கிட்டு இருந்துச்சி. நீ பூசையில இருந்த. எங்கயித்தக் கொண்டுபோயிக் கட்டிட்டு வந்தேன்."

"அத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா, ஞாயித்துக்கெழம கடல்ல எறங்குனதுக்கு நீதான மொதல்ல பஞ்சாயத்து வைப்ப!"

அத்தனை பேர் முன்னால் களவாணி என்றவள், அத்தனை பேர் முன்னாலும் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கையை உருவிக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும். எங்கயித்த அவுத்துத் தா. இன்னைக்கு எனக்குப் புது மிதவ கட்டணும்."