படலையடிக் குழி

"காலிலை சுருக்குப் போட்டால் இழுத்துக்கொண்டு போயிடலாம்" என்று இளையதம்பி கயிற்றோடு வந்து நின்றார்.

அவர் மனைவி நாகேஸ்வரி நாயின் தலைமாட்டில் குந்தியிருந்தாள். விடிய எழும்பிப் பார்த்தபோது மணியன் வாசல் படலைக்குக் குறுக்கே, எப்போதும் படுக்கிற இடத்திலேயே, விறைத்துக் கிடந்தது. இரண்டு கண்ணும் பூத்துப்போன கிழட்டு நாய்.

"எங்கை இழுக்கப் போறியள்?"

"தென்னம்பிள்ளைக்கு வெட்டின குழி பின்வளவிலை சும்மாதானே கிடக்கு. இவனைப் போட்டு மேலை பிள்ளையை வைச்சால் நல்லாய் வளரும். ஊரிலை எல்லாரும் செய்யிறதுதானே."

"உங்கடை தென்னைக்கு ஆட்டெருப் போடுங்கோ. இவன் எருவில்லை. இஞ்சை படலையடியிலைதான் புதைப்பன்."

இளையதம்பி சிரித்துவிட்டார். "இஞ்சை ஒரு சாண் மண்தான். கீழை முழுக்கக் கல்லு. தென்னங்குழி வெட்டவே எனக்கு ஒரு கிழமை போச்சு, தெரியுமே?"

"அலவாங்கு எங்கை கிடக்கு?"

"நான் வெட்டித் தரமாட்டன்."

"உங்களை ஆர் கேட்டது?"

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கொழும்பை விட்டுக் கப்பலேறி, காங்கேசன்துறையில் உடுத்த துணியோடு இறங்கின நாளில் அவர்கள் பின்னால் ஓடிவந்த குட்டி அது. அந்த நாட்களில் ஓலை அசைந்தாலும் நாகேஸ்வரி திடுக்கிட்டு எழும்பிவிடுவாள். குட்டி படலைக்குக் குறுக்கே படுக்கப் பழகின பிறகுதான் அவளுக்கு நித்திரையே வந்தது. அதற்குப் பிறகு அந்தப் படலையை அவர்கள் ஒருநாளும் கட்டினதில்லை.

இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்க அவள் நினைக்கவில்லை. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு கனத்த இரும்பு அலவாங்கைத் தூக்கினாள். முதல் குத்திலேயே கல் ணங்கென்றது. முழங்கை வரை அதிர்ந்தது.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தங்கமுத்தின் தலை தெரிந்தது. "எடி பிள்ளை, கிணறே வெட்டுறாய்?"

"இல்லையக்கா. மணியனுக்கு."

"நாய்க்கோ! அப்ப செத்த ஆக்களுக்குப்போலை எட்டும் அந்தியேட்டியும் செய்வியோ?"

"செய்தால் உங்களுக்கும் சொல்லியனுப்புவன். சாப்பிட வாங்கோ."

"வாயைப் பார்!" தங்கமுத்து கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "எடியே, அதிலை குத்தாதை. இஞ்சாலை, வேலிப்பக்கம் குத்து. கல்லிலை ஒரு வெடிப்பிருக்கு. வேலிக்குக் கதியால் தடி நடேக்கை பார்த்தனான்."

வெடிப்பில் அலவாங்கு இறங்கியது. கல் பாளம் பாளமாகக் கிளம்பியது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தபோது துணி சுற்றிக்கொண்டு திரும்பவும் குத்தினாள். இளையதம்பி தோட்டத்துக்குப் போகிற சாட்டில் வந்து எட்டிப் பார்த்தார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது குழி தொடையளவுக்கு இறங்கியிருந்தது. மணியனைத் தன் பழைய சீலையில் சுற்றி இறக்கினாள். நிமிர்ந்தபோதுதான் கண்டாள்: மூட மண் இல்லை. கிண்டிப் போட்டதெல்லாம் கல்.

"கல்லைக் கொட்டியே மூடப்போறாய்?"

பின்னால் இளையதம்பி. தலையில் பனையோலைக் கடகம், அது நிறையச் செம்மண். தென்னம்பிள்ளைக்கென்று அவர் தோட்டத்திலிருந்து வண்டிலில் ஏற்றிவந்து குவித்து வைத்திருந்த மண்.

"அப்ப தென்னம்பிள்ளை?"

"அடுத்த மாரிக்கு வைப்பம். தள்ளு அங்காலை."

அவர் கடகம் கடகமாகக் கொட்டினார். அவள் காலால் மிதிக்கவில்லை, கையால் அமத்தினாள். வேறு நாய்கள் கிளறாமல் மேலே கற்களை அடுக்கினாள்.

பொழுதுபடும் நேரம் படலை திறந்தபடி கிடந்தது. காலையில் அவர் போட்டுவிட்டுப் போன கயிறு வேலியோரம் கிடந்தது. அதை எடுத்தாள். படலையைச் சாத்தி, கதியாலோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"என்னத்தையப்பா கட்டுறாய்?" என்றார் உள்ளேயிருந்து.

"படலையை. இனி ஒவ்வொரு நாளும் நாங்கள்தான் கட்டவேணும். மறந்திடாதையுங்கோ."