தாசையன் ஜாயின்டுக்குச் சாட்சி சொன்னவர்கள்

தாசையனுக்கு வளைகுடாவுக்குப் போக இஷ்டமில்லை. அந்தக் காலத்தில் இது வெளியே சொல்லக்கூடிய விஷயம் அல்ல. பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் நடுவே கைகால் சுகமுள்ள ஆண்பிள்ளைகள் எல்லாம் பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். பெண் கொடுக்கிற வீட்டார் பையனின் குணத்தைக் கேட்கும் முன் விசாவைக் கேட்டார்கள். போகமாட்டேன் என்கிறவனை ஊர் சோம்பேறி என்றது, இல்லாவிட்டால் என்ன வியாதி என்று விசாரித்தது. தாசையனுக்கு இரண்டும் இல்லை. மனைவி புஷ்பபாயையும் நாலு வயசு மகளையும் விட்டுவிட்டு, இரண்டு வருசத்துக்கு ஒருமுறை பெட்டியும் சென்டு வாசனையுமாக வந்துபோகிற விருந்தாளியாக இருக்க அவனுக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

ஆனால் புஷ்பபாயின் அண்ணன் விஜயதாஸ் அபுதாபியிலிருந்து விசாவை அனுப்பியே விட்டான்.

"இஞ்ச பாருங்க, விசா வந்து கெடக்குது. நீங்க அதுக்க மேல கொழாய வச்சிட்டு இருக்கியோ," என்றாள் புஷ்பபாய்.

"பேடண்டு வரட்டும் புஷ்பம். வந்தா கோயம்புத்தூர் கம்பெனிக்காரன் சாதனத்த எடுத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்கான். பின்ன நான் எதுக்குப் போணும்?"

"வரல்லன்னா?"

தாசையன் கொஞ்சம் யோசித்தான். "வரல்லன்னா போறேன்."

"வேதப்புஸ்தகத்தத் தொட்டுச் சொல்லுங்க."

தொட்டுச் சொன்னான். புஷ்பபாய்க்கும் அவனை அனுப்ப ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் சோற்றுப்பானையைத் திறந்தால் ரப்பர் வளையம் வேகிற வீட்டில் எந்தப் பெண் எத்தனை நாள் பொறுப்பாள்? சூடு தாங்குமா என்று பார்த்தானாம்.

அந்தச் சாதனம் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். முன்பு அந்தக் குன்றுச் சரிவு முழுக்க மேலேவீட்டுப் பிள்ளை என்ற ஒரே ஒருவருடைய தோட்டம். ஒரு மோட்டார், ஒரு குழாய், போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கும். நிலச்சட்டம் வந்தது. சட்டம் வருமுன்பே குடில் கட்டி இருந்தவர்களுக்கெல்லாம் பத்துப் பத்து சென்டு நிலம் கிடைத்தது. கிடைத்த மறுநாளே எல்லோரும் வேலி கட்டினார்கள். வேலி ஆளுக்கொன்று வந்ததே தவிர மோட்டார் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான். முறை வைத்து வெள்ளம் பாய்ச்ச வேண்டும். ஒருவர் முறை முடிந்தால் குழாயைக் கழற்றி அடுத்த வேலிக்குள் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டும். மரை தேய்ந்த குழாயைப் பைப் ரிஞ்சியால் முறுக்கிப் பூட்டி முடிப்பதற்குள் கரண்டு போய்விடும். கரண்டு போனால் சண்டை வரும். பிள்ளை தன் மாடியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டு சுகமாக வெற்றிலை போடுவார்.

பாறசாலையில் மோட்டார் ரிப்பேர் பட்டறையில் பிட்டராக இருந்த தாசையன் இதற்கு ஒரு வழி கண்டான். ஒரு குழாயின் முனையில் இரண்டு காது. மற்றதன் வாயில் இரண்டு வெட்டு. செருகிக் கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். உள்ளே லாரி டியூபில் வெட்டிய வளையம் ஒன்று. வெள்ளம் வந்தால் அந்த வெள்ளமே வளையத்தை நெருக்கி அடைக்கும். மோட்டார் நின்றால் ஒற்றைக் கையால் திருப்பிக் கழற்றலாம். சரிவில் சண்டை நின்றது. பிள்ளைக்கு வெற்றிலை கசந்தது.

நெய்யாற்றங்கரை டிராயிங் மாஸ்டர் ஒருவர் படம் போட்டுக்கொடுக்க, தாசையன் பேடண்டுக்கு எழுதிப் போட்ட பிறகுதான் முதல் ஜாயின்டை வெளியே கொண்டுவந்தான். அதில் அவன் கெட்டி. எழுதிப்போட்ட தேதிக்கு முன் அந்தச் சாதனம் நாலுபேர் கையில் புழங்கியிருந்தால் பேடண்டு கிடையாது என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒரு வருசத்துக்குப் பிறகு மதராஸ் பேடண்டு ஆபீசிலிருந்து பரிசோதனை முடிவு வந்தது. வெளிநாட்டில் இதேமாதிரி ஒன்று பண்டே இருக்கிறது, உன்னுடையதில் புதுசு என்ன, நேரில் வந்து சொல் என்று கேட்டிருந்தார்கள்.

இங்கேதான் பொன்னையன் உள்ளே வருகிறார். பொன்னையன் அந்தச் சரிவின் சட்ட நிபுணர். நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை என்றாலும் நில டிரிபியூனலில் சரிவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சாட்சி திரட்டி ஜெயித்தவர். அவருடைய சொந்தக் குடில் எப்போது எழும்பியது என்பது கர்த்தருக்கும் மேலேவீட்டுப் பிள்ளைக்கும்தான் தெரியும். ஆனால் டிரிபியூனலில் மரச்சீனி விற்கிற குஞ்சம்மாவும் தென்னை ஏறுகிற கிருஷ்ணன்குட்டியும் சத்தியம் செய்து சாட்சி சொல்லச் சொல்ல, குடிலுக்கு வயசு ஏறிக்கொண்டே போனது. குஞ்சம்மாவின் குடிலுக்குப் பொன்னையனும் அதே உதவியைச் செய்தார். அந்த இரண்டு வீட்டின் மேலும் பிள்ளை எறணாகுளம் ஐகோர்ட்டில் அப்பீல் போட்டிருந்தார். அது இன்னும் தீரவில்லை.

"நாலு பேரு சாட்சி வேணும்லே," என்றார் பொன்னையன்.

"அண்ணே, இது அப்பிடி இல்ல. இது புதுசான்னாக்கும் அவங்க கேக்குதாங்க."

"புதுசுன்னா எவன்லே தருவான்? நேத்து கெட்டின குடிலுக்குப் பத்து சென்டு தந்தானா? கவர்மெண்டுட்ட ஒரு சாதனம் நமக்குள்ளதுன்னு எழுதி வாங்கணும்னா, அது பண்டு தொட்டே நமக்க கையில இருந்ததுன்னு தெளிவிக்கணும். கண்டவங்க சொல்லணும். அதாக்கும் சட்டம்."

தாசையன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். சாட்சி வேண்டாம், தேதி தப்பிவிடும், கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்றான். பொன்னையன் சிரித்தார். சரி, சாட்சி வேண்டாம், ஆனால் ஒற்றைக்கு மதராஸுக்குப் போகாதே, துணைக்கு வாறோம் என்றார். துணைக்குக் குஞ்சம்மாவும் கிருஷ்ணன்குட்டியும் எதற்கு என்று தாசையன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குஞ்சம்மா கட்டிக்கொண்டுவந்த மரச்சீனி அவியலும் மீன்கறியும் திருவனந்தபுரம் தாண்டும்போதே மணத்தது. அதில் புத்தி மழுங்கிவிட்டான்.

மதராஸ் ஆபீசில் கண்ணாடி போட்ட மெலிந்த அதிகாரி ஒருவர் இவர்களை உட்காரச் சொன்னார். அந்தச் சரிவில் எந்த அதிகாரியும் இவர்களை அதுவரை உட்காரச் சொன்னதில்லை. குஞ்சம்மா எழுந்து நின்று ஒருமுறை கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அதிகாரி ஜாயின்டைக் கையில் வாங்கினார். செருகினார், திருப்பினார், கழற்றினார். திரும்பச் செருகினார். எதிரே ஆட்கள் இருப்பது கொஞ்ச நேரம் அவருக்கு மறந்தே போனது.

"தண்ணி விட்டுக் காட்ட முடியுமா?"

முடியவில்லை. மதராஸில் அந்த வருசம் மழை பொய்த்திருந்தது. ஆபீஸ் குழாயைத் திறந்தால் பெருமூச்சு மட்டும் வந்தது. கிருஷ்ணன்குட்டி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே வந்தான். குழாயின் ஒரு முனையைத் தாசையன் உள்ளங்கையால் அடைக்க, மறுமுனையில் வாய் வைத்து ஊதினான். கன்னம் வீங்கியது. கண் பிதுங்கியது. அதிகாரி குனிந்து ஜாயின்டின் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். ஒரு இழை காற்று வெளியே வரவில்லை.

"போதும் போதும், விடச் சொல்லுங்க," என்றார் பதறிப்போய். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "வெளிநாட்டுக்காரங்க உள்ள ஸ்பிரிங் வச்சிருக்காங்க. நீங்க தண்ணியோட அழுத்தத்தையே ஸ்பிரிங்கா பயன்படுத்தியிருக்கீங்க. இது வேற. என் ஆட்சேபணையை நீக்கிடறேன்."

தாசையனுக்கு அழுகை முட்டியது. புஷ்பபாயின் முகம் தெரிந்தது. விசாத் தாளை மடித்து மகளுக்குக் கப்பல் செய்துகொடுக்கலாம் என்றுகூட நினைத்துவிட்டான்.

அப்போது பொன்னையன் தொண்டையைச் செருமினார்.

"சாரே, சாட்சிய விசாரிக்கல்லியே."

"சாட்சி எதுக்கு?"

"வேண்டாம் சார், இவரு சும்மா..." என்று தாசையன் எழுந்தான். பொன்னையன் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார். வேட்டி மடிப்பிலிருந்து மூன்று முத்திரைத்தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். நெய்யாற்றங்கரை நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டது. காலையில் எல்லோரும் காப்பி குடிக்கப் போனபோது கீழே கவுண்டரில் கொடுத்து இந்த ஆபீசின் சீலும் வாங்கியாகிவிட்டது. சீல் இல்லாத தாளுக்கு மதிப்பில்லை என்பது டிரிபியூனலில் அவர் படித்த முதல் பாடம்.

"இந்தச் சாதனம் தாசையனுக்குள்ளதாக்கும். ஊரு முச்சூடும் அறியும்," என்றார்.

"ஒம்பது வருசமாட்டு நான் கண்டிட்டுண்டு சாரே," என்றாள் குஞ்சம்மா. "எனக்க மரச்சீனிக்கு வெள்ளம் விட்டதே இதிலயாக்கும்."

ஒன்பது என்றதும் கிருஷ்ணன்குட்டிக்கு ரோஷம் வந்தது. "எனக்க கல்யாணத்துக்கு முன்னயே உண்டு சாரே. இப்ப பையன் ஆறாங் கிளாஸாக்கும்."

"இவனுக்க அப்பன் காலத்திலயே இருந்துது," என்று பொன்னையன் கணக்கை முடித்துவைத்தார். தாசையனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அதிகாரியின் பேனா நின்றது. மூன்று தாளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டிக்காரர், நடந்தது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? சீல் விழுந்துவிட்டதே.

தாசையனை மட்டும் ஜன்னல் பக்கம் அழைத்துப்போனார்.

"இவங்க சொல்றது நிஜம்னா இது ஊரறிஞ்ச பழைய பொருள். பேடண்ட் தர முடியாது. நீங்க பொய்ன்னு சொல்லுங்க, அந்தத் தாளையெல்லாம் தள்ளிட்டு உங்களுக்கே தர்றேன். ஆனா சும்மா தள்ள முடியாது. இன்னின்ன பேர் தெரிஞ்சே பொய்ச்சத்தியம் பண்ணினாங்கன்னு உத்தரவுல எழுதணும். உத்தரவு யார் கேட்டாலும் நகல் கிடைக்கும். ரெண்டுல எது?"

பொய் என்று சொல்லத் தாசையன் வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் மேலேவீட்டுப் பிள்ளையின் வக்கீல் வந்து நின்றார். பொன்னையன், குஞ்சம்மா, கிருஷ்ணன்குட்டி. பொய்ச்சத்தியக்காரர்கள் என்று கவர்மெண்டே சீல் வைத்துக் கொடுத்த தாள். அதை ஐகோர்ட்டில் நீட்டினால் போதும், இந்த மூன்று பேரின் சாட்சியில் நிற்கிற இரண்டு வீடும் போய்விடும். பிள்ளை அந்தத் தாளைத் தேடிப் பிடிக்காமல் விடமாட்டார். அந்த மனுசனுக்கு அதைவிட வேறு வேலை இல்லை.

திரும்பிப் பார்த்தான். குஞ்சம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எல்லாம் நல்லபடி முடிய வேண்டும் என்று கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கழுத்தை நெரித்துக் கொல்லவேண்டும் போலவும், காலில் விழவேண்டும் போலவும் ஒரே நேரத்தில் தாசையனுக்கு இருந்தது.

"சத்தியமாக்கும் சார்," என்றான். "எனக்க அப்பன் காலத்திலயே உண்டு."

அதிகாரி அவனையே பார்த்தார். பிறகு ஜாயின்டை அவன் கையில் கொடுத்து, இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

படியிறங்கியதும் பொன்னையன் கேட்டார். "எப்பிடி?"

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு அண்ணே."

"பின்ன எழுதாம? தாளு மெதுவாத்தான் வரும். பட்டயம் வர மூணு வருசம் ஆவல்லியா? நீ பதறப்பிடாது, மக்கா."

ரயிலில் திரும்பும்போது பொன்னையன் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் வழக்கு நடந்த விதத்தைச் சொன்னார். ஈரோடு வருவதற்குள் அந்த ஜாயின்டு திருவிதாங்கூர் மகாராஜா காலத்துக்குப் போய்விட்டது. தாசையன் மேல்பலகையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

வீட்டில் புஷ்பபாயிடம் மட்டும் உள்ளதைச் சொன்னான். அவள் பொன்னையனின் ஏழு தலைமுறையையும் ஏசினாள். ஏசி முடித்தபின், "பொய்யின்னு சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"குஞ்சம்மா அக்காளுக்க வீடு போயிருக்கும்."

புஷ்பபாய் எழுந்துபோய் அவனுடைய சட்டைகளை நனைத்துப் போட்டாள். அவன் தொட்ட சத்தியத்தை அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம் பிள்ளையின் அப்பீல் தள்ளுபடியானது. சரிவில் வெடி போட்டார்கள். அதனால் பாறசாலை பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்த கூட்டம் கல்யாணக் கூட்டமாக இருந்தது. குஞ்சம்மா வாழைக்காய் உப்பேரிப் பொதியை அவன் கையில் திணித்தாள். பொன்னையன் மாலையே வாங்கி வந்திருந்தார். பேடண்டு கிடைத்தவனுக்கு அபுதாபியில் மதிப்பு வேறு என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

திருவனந்தபுரம் பஸ் உறுமியது. பொன்னையன் மாலையைப் போட்டு, தாசையனைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் உள்ள எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எலே, பெரிய ஆளாயிட்டு என்ன மறந்திரப்பிடாது. மதராஸுல நான் செய்த உதவிய நெனச்சுக்கிடணும்."

"மறப்பேனா அண்ணே," என்றான் தாசையன். "அங்க ஒவ்வொரு நாளும் நெனப்பேன்."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற புஷ்பபாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. பஸ் நகர்ந்து தாசையன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோதும் அது குலுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அவள் அப்போது சிரிக்கவில்லை.