மூடியில் எழுதியது

“மூடியில எழுதாதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு?”

“ஏன்டா, மூடி என்ன பாவம் பண்ணுச்சு?”

“மூடி ஊர் சுத்தும் அக்கா. பாட்டில்தான் இருந்த இடத்துல இருக்கும். பாட்டில் வயித்துல எழுது. அதுவும் பென்சில்ல எழுது. மை எல்லாம் ஆல்கஹால் பட்டா ஓடிப்போயிடும்.”

“டாக்டர் பட்டம் நான் வாங்கினேனா, நீ வாங்கினியா?”

“பட்டம் நீ வாங்கினே. பாட்டில் கழுவுறது நான். அதான் சொல்றேன்.”

ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த பேச்சு. ஒரு சொல் விடாமல் அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. அதை நினைத்துக்கொண்டே, குளிர்ப்பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் படிந்தது. உள்ளே தம்பி படுத்திருந்தான். நாற்பத்தேழு வயது. காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அப்படியே திரும்பி வந்தாயிற்று. நாலு மணிக்கு வண்டி வரும்.

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அம்மாடி, இவன் மச்சினனுக்கு நாளைக்குத்தான் ஃப்ளைட் கிடைக்குமாம். ஏதோ மருந்து ஏத்தினா ரெண்டு நாள் தாங்கும்னு சொல்றாங்களே. நீதான் அதுல கரை கண்டவளாச்சே. எந்த மருந்து நல்லது?”

“வேண்டாம் சித்தப்பா.”

“இல்லம்மா, புஸ்தகமெல்லாம் எழுதியிருக்கியேன்னு...”

“வேண்டாம்னு சொன்னேன்ல.”

அவர் அடிபட்டவர் போல எழுந்து போனார். அவர் மேல் தப்பில்லை. எந்த மருந்து நல்லது என்பதுதான் அவளுடைய பிழைப்பே. ஆட்டின் மண்ணீரலை நகத்தளவு துண்டுகளாக நறுக்கி, நாலு விதமான திரவங்களில் ஊறவைத்து, எது திசுவை உயிரோடு இருந்த மாதிரியே காப்பாற்றுகிறது என்று ஒப்பிடும் வேலை. நாலில் ஒன்று மஞ்சளாக இருக்கும்; குருடனைத் தவிர யாரும் மாற்றி எடுக்க முடியாது. ஒன்று ஆல்கஹால், மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். மீதி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று தண்ணீரில் கலந்த வெறும் ஃபார்மலின். மற்றது அதே ஃபார்மலினில் உப்புகள் சேர்த்து அமிலத்தன்மையைப் போக்கியது. பார்வைக்கும் ஒன்று, கண்ணைக் கரிக்கவைப்பதிலும் ஒன்று. வித்தியாசம் பின்னால், மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். வெறும் ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊறிய துண்டில், ரத்தம் இருக்கும் இடமெல்லாம் மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும்.

அந்தப் பேச்சு நடந்து கொஞ்ச நாளில், ஒரு நாள் தம்பி லீவு. மகளுக்குக் காய்ச்சல். துண்டுகளைப் பாட்டில்களில் போட்டவள் அக்காதான். நேரமாகிவிட்டது, மூடி மேலேயே எழுதிவிட்டாள். மறுபடி ஒரு தடவை சரிபார்க்கலாமே என்று இரட்டைப் பிள்ளைகள் இரண்டு வரிசையையும் திறந்து வைத்தபோது போன் வந்தது. பேசிக்கொண்டே கைக்கு வந்த மூடியைப் போட்டு மூடினாள்.

ஒரு மாதம் கழித்து, கறுப்புப் புள்ளிகள் இருக்கவே கூடாத ஸ்லைடுகளில் இருந்தன. இருக்க வேண்டியவை பளிச்சென்று இருந்தன. அப்போது துறைத் தலைவராக இருந்தவர் வெளி ஆட்கள் முன்னால் வைத்தே கேட்டார்.

“லேபிள் வேலையெல்லாம் யாரு?”

“தம்பிதான் சார் பாத்துக்கறான்.”

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வருஷத்தில் எல்லா நாளும் அவன்தான் பார்த்துக்கொண்டான், அந்த ஒரு நாளைத் தவிர. வருகைப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் புரட்டவில்லை. அவன் ஃபைலில் ‘கடுமையான கவனக்குறைவு’ என்று மெமோ ஏறியது. அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அடுத்தவனுக்குப் போனது. அவனை விலங்குக் கூடத்துத் தீவனக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

தலைவர் கேட்ட அன்று சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் தம்பி அவள் ஹேண்ட்பேக்கை வாங்கி முன்கூடையில் வைத்தான்.

“ஏன்டா ஒண்ணும் பேச மாட்டேங்கறே?”

“என்ன பேசறது? மூடி ஊர் சுத்திடுச்சு.”

“நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்டா.”

“லூசா நீ? அடுத்த வாரம் உனக்கு இண்டர்வியூ. முதல்ல அதை முடி. அப்புறம் சொல்லிக்கலாம்.”

இண்டர்வியூ முடிந்தது. வேலை நிரந்தரமானது. அப்புறம் அவள் வீட்டில் ஒரு கல்யாணம், அப்புறம் ஆராய்ச்சிக்குப் புது உதவித்தொகை, அப்புறம் துறைத் தலைவர் பதவி அவளுக்கே வந்தது. சொல்லிவிடலாம் என்று நாலு தடவை அந்தப் பழைய தலைவரின் அறை வரைக்கும் போயிருக்கிறாள். ஒரு தடவை உள்ளேயே போய், “என்னம்மா?” என்று அவர் நிமிர்ந்ததும், லீவு ஃபாரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தேவையே இல்லாமல் ஒரு நாள் லீவு. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பி அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவான். எல்லோரும் பேச்சை வளர்க்கச் சொல்வதைத்தான் அவனும் சொல்வான்: “அப்புறம்?” அவளுக்கு மட்டும் அந்த வண்டி நிறுத்துமிடம் ஞாபகம் வரும். “அப்புறம் ஒண்ணுமில்லடா, வச்சுடறேன்” என்பாள். போன ஞாயிறும் அப்படித்தான் வைத்தாள்.

வந்தவர்களுக்கு டீ போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். உட்கார முடியாமல் அவளே எழுந்து சமையலறைக்குப் போனாள். தேயிலையைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு டப்பாவின் வயிற்றிலும் ஒரு வெள்ளைக் காகிதம், அதில் பென்சில் எழுத்து, தேதி. உப்பு. சர்க்கரை. தேயிலை. ‘முந்திரி: எடுத்தால் தெரியும்.’ ஒரு மூடியிலும் ஒரு எழுத்துகூட இல்லை.

தம்பி மனைவி பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“என் மேல மட்டும்தான் பேரை ஒட்டலை அண்ணி. அதையும் ஒட்டியிருப்பார், நான்தான் ஓடிட்டேன்.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “முன்னெல்லாம் இப்படி இல்லை. ஆபீஸ்ல அந்தத் தப்பைப் பண்ணினாரே, அதுக்குப் பிறகுதான்.”

அக்காவின் கை பாத்திரத்தின் மேலேயே நின்றது.

“எந்தத் தப்பு?”

“என்ன அண்ணி, உங்களுக்குத் தெரியாததா? மூடியை மாத்திப் போட்டு உங்க வேலையவே பாழாக்கிட்டாராமே. ‘வேற யாராவதா இருந்தா என்னை வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்க, அக்காதான் கெஞ்சிக் காப்பாத்தினா’ன்னு சொல்வார். ஒன்பது வருஷமா நாங்க சாப்பிடற சாப்பாடு நீங்க போட்டது அண்ணி.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தம்பி மனைவிதான் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

“நீங்க தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்.”

தீவன மூட்டைகளுக்கு நடுவில் எழுத ஒன்றுமில்லாமல் போன கை. அது வீட்டுக்கு வந்து உப்புக்கும் சர்க்கரைக்கும் எழுதியிருக்கிறது. இவர்கள் அதைப் பிராயச்சித்தம் என்று நினைத்திருக்கிறார்கள். அவனும் நினைக்க விட்டிருக்கிறான்.

அவள் கூடத்துக்குத் திரும்பியபோது ஆபீஸ் ஆட்கள் வந்திருந்தார்கள். பழைய துறைத் தலைவர் இப்போது டைரக்டர். மலர் வளையத்தை வைத்துவிட்டு, பெட்டியின் முன் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். நல்ல மனிதர். வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வந்திருக்கிறார். தம்பி மகள் தட்டில் டீ கொண்டுவந்தாள். பத்தொன்பது வயது. நெற்றி அப்படியே அப்பன் நெற்றி. அவர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் தலையைத் தொட்டார்.

“தங்கமான மனுஷன்மா உங்கப்பா. வேலையில கொஞ்சம் கவனக்குறைவு, அதை விட்டா ஒரு குறை சொல்ல முடியாது.”

“அப்பாவே சொல்வாங்க சார்,” என்றாள் அந்தப் பெண், தட்டைப் பார்த்துக்கொண்டே. “‘நான் பண்ணின மாதிரி நீ பண்ணிடாதே’ன்னு.”

“சார்,” என்றாள் அக்கா.

குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது போலிருக்கிறது. வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

“அன்னைக்கு அவன் லீவு சார்.”

“என்னைக்கும்மா?”

“மூடி மாறின அன்னைக்கு. இவளுக்குக் காய்ச்சல்னு லீவு போட்டிருந்தான். துண்டு போட்டது நான். மூடியில எழுதினதும் நான், மாத்தி மூடினதும் நான். நீங்க லேபிள் யாருன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.”

சமையலறை வாசலில் தம்பி மனைவி, கையில் கரித்துணியோடு வந்து நின்றாள். சித்தப்பா, “அம்மாடி, நீ முதல்ல உட்காரு, காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை நீ” என்று தோளைத் தொட்டார். அவள் உட்காரவில்லை.

“இதையெல்லாம்... நீங்க ஆபீஸ்ல வந்து பேசுங்களேன்,” என்றார் டைரக்டர், மெதுவாக.

“ஆபீஸ்ல நாலு தடவை வந்துட்டேன் சார்.” அவள் கண்ணாடிக்குள் பார்க்கவில்லை. தம்பி மகளையும் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள். “அவன் ஃபைல்ல ஒரு மெமோ இருக்கு. அதை எடுத்துடுங்க சார். எடுத்து என் ஃபைல்ல வைங்க.”

தட்டில் இன்னும் இரண்டு டம்ளர் டீ மீதியிருந்தது. அதன் மேல் ஆடை படரத் தொடங்கியிருந்தது.