குடையை எடுக்க வந்தவர்

கூப்பிட்டு உட்காரவைத்துக் கருத்துக் கேட்கிற கூட்டமெல்லாம் எப்போதோ முடிவானதற்குத் தலையாட்ட வைக்கத்தான் என்பது லாரிக்காரரின் எண்ணம். வண்டி ஓட்டுவதை விட்டு வெகுகாலமாகியும் அந்தப் பேர் அவரை விடவில்லை. இருந்தும் வந்து, கடைசி வரிசையில் முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நகராட்சி அதிகாரியம்மா ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தாள். சுவரில் இரண்டு அட்டைகள். ஒன்றில் விளையாட்டு மைதானம். மற்றதில் இளவயசுப் பிள்ளைகளுக்கு மனநல மையம்.

"எதுல அதிகமா ஒட்டறீங்களோ அதுதான் இங்க வரும். இன்னொண்ணு வேற பகுதிக்குப் போயிடும்."

"மனசுக்கு என்னங்க வைத்தியம்? போனைப் பிடுங்கி வெச்சா தானா வழிக்கு வரும்," என்றார் தையல்காரர். கூடம் சிரித்தது. லாரிக்காரரும் சிரித்துவைத்தார். சிரிக்காவிட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

தையல்காரர் அவர் பக்கம் திரும்பினார். "பேத்தி எப்படியிருக்கா அண்ணே? ஹாஸ்டல் ஒத்துக்கிச்சா?"

"அவளுக்கென்ன, ராணியாட்டம் இருக்கா."

அந்த ராணி படிப்பை விட்டுவிட்டு மாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்காகிறது. வாசலில் வைக்கிற தட்டு பாதி நாள் வைத்தபடியே இருக்கும். இன்று காலை அதை எடுக்கக் குனிந்த மருமகள் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்த மையம் இங்க வந்தா நடந்தே கூட்டிட்டுப் போயிடலாம் மாமா. நீங்க ஒரு எட்டு போயிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

வரிசை நகர்ந்தது. எல்லாரும் பார்க்க, போனவர்களெல்லாம் மைதானத்தில் ஒட்டினார்கள். மற்ற அட்டை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. லாரிக்காரர் ஸ்டிக்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூத்திரத்துக்குப் போகிறவர்போல வெளியேறினார். குடையை வேண்டுமென்றே நாற்காலிக்கடியில் விட்டிருந்தார்.

கூட்டம் கலையும்வரை தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினார். மலைப்பாதையில் பாரவண்டி ஏற்றியவர், கூடத்துக்குப் போகும் மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறினார்.

மேலே, வெற்று அட்டையின் முன்னால் தையல்காரர் நின்றிருந்தார், விரல் நுனியில் சிவப்பு ஸ்டிக்கரோடு.

"கண்ணாடியை மறந்துட்டேன்ணே."

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

"நான் குடையை," என்றார் லாரிக்காரர்.

அட்டைகளைக் கழற்ற வந்த அதிகாரியம்மா இருவரையும் பார்த்தாள். "இன்னும் எண்ணலை. தண்ணி குடிச்சிட்டு வந்து எண்ணிக்கறேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

தையல்காரர் ஒட்டிவிட்டு, இடம்விட்டு நகர்ந்து நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. லாரிக்காரரின் ஸ்டிக்கர் பைத்துணியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக ஏறி, நடுவில் நின்று, மறுபடி ஏறியது.