பேக் ஒன்பது

சகினாவுக்கு இங்கிலீஷில் தெரிந்தது பத்து வார்த்தை. ஃப்ரண்ட், பேக், ஸ்லீவ், நெக் என்று எல்லாமே இஞ்ச் டேப்புக்குள் அடங்கிவிடும். மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவளுக்கு அதற்கு மேல் எதற்கு? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு, அந்தப் பத்தில் ஒன்று அவள் காலை வாரிவிட்டது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேலை பார்க்கும் லாவண்யாவுக்கு அன்று சாயங்காலம் தி.நகரில் நிச்சயதார்த்தம். பட்டுப் புடவையை ஃபால்ஸ் வைக்கவும், ஜாக்கெட் தைக்கவும் கொடுத்து, அளவுக்குப் பழைய ஜாக்கெட் ஒன்றையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில், "அக்கா, சண்டே பேக் பை 9, ஓகே?" என்று வந்தது. சகினா எழுத்துக்கூட்டிப் படித்தாள். பேக் ஒன்பது. எப்போதும் முதுகை மூடித் தைக்கச் சொல்கிற பெண்ணுக்கு நிச்சயம் என்றதும் ஆசை வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டாள். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, பின்கழுத்தை ஒன்பது இஞ்ச் இறக்கி வெட்டினாள்.

ஹூக் வைக்கிற நஸ்ருன்னிசா பன்னிரண்டாவது வரை படித்தவள். இப்போது அந்த மெசேஜைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தாள். "ஒம்போது மணிக்குத் திரும்பக் குடுங்கன்னு கேட்டுக்கீது கா. நீ இன்னா பண்ணி வெச்சிருக்க?"

சகினா போனை வாங்கி மறுபடி எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். முதுகு என்றால் முதுகாகவே இருந்து தொலைக்க வேண்டியதுதானே, திரும்பக் கொடுக்கவும் அதே வார்த்தையா? வண்டியைப் பின்னால் எடுத்தாலும் பேக், ஊரிலிருந்து வந்து சேர்ந்தாலும் பேக் என்று நஸ்ருன்னிசா அடுக்கிக்கொண்டே போக, வாயை மூடு என்று எரிந்து விழுந்தாள். போன் போட்டாள், லாவண்யா எடுக்கவில்லை. மிஷினுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். மிச்சத் துணி கைக்குட்டை அளவுகூட இல்லை. புடவையின் உள்ளே சொருகும் முனையில் ஒரு சாண் வெட்டினால் மூடிவிடலாம். கத்திரியை எடுத்தாள், வைத்தாள். அடுத்தவர் பட்டில் கேட்காமல் எப்படிக் கை வைப்பது?

சொன்னபடி ஒன்பதுக்கு லாவண்யா வந்தாள். சகினா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். லாவண்யா ஜாக்கெட்டைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். பின்கழுத்துக்குக் கீழே தொடங்கி, ஜாக்கெட் விளிம்புக்குள் இறங்கியது தடித்த தழும்பு ஒன்று. பதினாலு வயதில் முதுகெலும்பில் ஆபரேஷன் என்றாள். மாப்பிள்ளை பாலகணேஷுக்குத் தெரியாது. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா வாயைக் கட்டிப் போட்டிருந்தாளாம். இரண்டு மாதமாகத் தனக்குச் சரியான தூக்கமே இல்லை என்றாள்.

"ஒரு மணி நேரம் குடும்மா. பொடவையில கொஞ்சம் எடுத்து மூடித் தரேன்," என்ற சகினாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"முதல்ல ஒரு போட்டோ எடுங்கக்கா. முதுகை."

அதை அங்கேயே நின்று, இரண்டு வரி எழுதி, பாலகணேஷுக்கு அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. சகினா இஞ்ச் டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பவும் சுற்றினாள். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. லாவண்யா படித்துவிட்டுப் போனை அவள் பக்கம் நீட்டினாள். "ஐ வில் கெட் பேக் டு யூ."

சகினாவின் கண்ணில் பட்டது அந்த ஒரு வார்த்தைதான். "இந்த பேக்குக்கு இன்னாம்மா அர்த்தம்?"

"இண்டர்வியூ முடிஞ்சதும் தினம் பத்து பேருக்கு நானே அனுப்பறதுதான்கா இது," என்றாள் லாவண்யா. "வேலை இல்லைன்னு அர்த்தம்."

சகினா கத்திரியோடு புடவைப் பக்கம் போனாள். லாவண்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்கக்கா. ஒன்பதே இருக்கட்டும்."